காஞ்சிபுரத்து ஏரிகளும் சீதோஷ்ண மாறுதலும்

காஞ்சிபுரத்து ஏரிகள்: பாலாறும் செய்யாறும் வேகவதியும் பாயும் பழைய தொண்டை மண்டலத்தில், சரிந்து வரும் மழைநீரை நீண்ட மண்கரைகளால் மறித்து ஆக்கப்பெற்ற ஆழமற்ற நன்னீர் நிலைகள். தென்னேரி, உத்திரமேரூர், செம்பரம்பாக்கம் ஆகியவை இவற்றுட் பெயர் பெற்றவை. உத்திரமேரூரில் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் ஏரியைப் பராமரிக்கவென்றே ஏரி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன.

பூகோளத்தின் வெப்பம் ஏறுவதால் நன்னீர் நிலைகளுக்கு நேரும் கேட்டைப் பேசுவோர் பெரும்பாலும் வடதேசத்து ஏரிகளையே எடுத்துக்காட்டுவர். ஜப்பானின் சுவா ஏரி உறையும் நாளை 1443 முதல் அவ்வூர்க் கோயிற் பூசகர் குறித்துவந்திருப்பதால், முன்பு பெரும்பாலும் ஆண்டுதோறும் உறைந்த அவ்வேரி இக்காலத்தில் பல ஆண்டுகள் உறையாமலே கழிவது ஐயமறத் தெரிகிறது. நம் பக்கத்தில் நீர் உறைவதென்ற பேச்சே இல்லை; இங்கே குலைவது நிரம்புதலும் வற்றுதலுமாகிய காலக்கிரமம்.

ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்ப, மாசிக்குமேல் நீர் குறுகிச் சித்திரையில் தரை வெடித்து, அத்தரையில் மேய்ந்த ஆடுமாடுகளின் எருவிலே, மறுமழைக்குப் பின் நுண்பாசியும், அதை உண்ணும் சிற்றுயிர்களும், அவற்றை உண்ணும் கெண்டை கெளுத்திகளும் பெருகுவதே இவ்வேரிகளின் ஜீவிதம். ஆகையால் ஏரி வற்றியதைக் கண்ட மாத்திரத்தில் அஞ்ச வேண்டுவதில்லை; வறட்சி எத்தனை மாதம் நீள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெப்பம் 1 பாகை சென்டிகிரேட் ஏறினால் காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் மிகுவதால், பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், பெய்யாத நாளில் ஏரிநீர் விரைந்து ஆவியாவதும் மிகுகின்றன. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட செம்பரம்பாக்கம் ஏரி, 2019 கோடையில் தரை தெரிய வறண்டது. தனியொரு வெள்ளத்தையோ வறட்சியையோ உலக வெப்பத்தின் கணக்கில் எழுதுவது நிதானமாகாது எனினும், இத்தகைய ஏற்றத்தாழ்வுகள் மிகும் என்பதே விஞ்ஞானிகளின் கருத்து.

20 பாகை சென்டிகிரேட் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையிலோ சுமார் 7½தான். இரவெல்லாம் பாசியும் சுவாசித்து அதைச் செலவிட்டுவிடுவதால், குறுகிய குட்டையில் விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாய்பிளந்து தவிக்க, காற்றையே நேரே உட்கொள்ளவல்ல விராலும் பனையேறிக் கெண்டையும் பிழைத்துக்கொள்கின்றன.

பட்சிகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்லுரமென்று உணர்ந்த வேடந்தாங்கல் ஊரார், 1798-இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் அப்பட்சிகளைக் காக்கும் உரிமை பெற்றனர். 2022-இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அவ்வூர் ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை கூடுகட்டுவதும் நீர்நிறைவைப் பொறுத்ததே. குஞ்சுகள் பறக்குமுன் சுற்றுப்புற ஏரிகள் வற்றினால் தாய்ப்பறவை இரைக்கு நெடுந்தொலைவு செல்ல நேரும்.

பட்டுச்சாயத்துக்குப் பாலாற்று நீரே உகந்ததென்பது காஞ்சி நெசவாளரின் நெடுநாள் நம்பிக்கை. ஆனால் அவ்வாற்றில் மணலை வாரியதும், வரத்துக் கால்வாய்களைத் தூர்த்து மனை பிரித்ததும் சீதோஷ்ணத்தின் குற்றமல்ல. கால்வாய் தூர்ந்த ஏரி கனமழையிலும் அரைகுறையாகவே நிரம்ப, அதற்குச் சேர வேண்டிய நீர் தாழ்ந்த தெருக்களிற் புகுந்து, குழித்தறிகளில் ஊறி, நெசவையும் நாட்கணக்கில் நிறுத்திவிடுகிறது.