வினைல் ராப் ஒட்டிய காரா? வெயில் காலத்தில் கழுவும்போது இந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க!

பெயிண்ட் அடிக்காமலே காரின் நிறத்தை மாற்ற இப்போது பலரும் வினைல் ராப் ஒட்டுகிறார்கள். ஆனால் அவ்வளவு காசு செலவழித்து ஒட்டிய ராப், கொஞ்ச நாளிலேயே ஓரம் தூக்கி, வெளுத்துப் போய் நிற்பதையும் பார்க்கிறோம். எல்லாப் பழியையும் வெயில் மேலேயே போட முடியாது. சூடாக இருக்கும் காரைத் தப்பான முறையில் கழுவுவதும் ஒரு முக்கியக் காரணம். எப்படிக் கழுவுவது, எதைத் தவிர்ப்பது? பார்க்கலாம்.

வெயிலில் ராப் என்ன ஆகும்?

வினைல் ராப் என்பது பின்பக்கம் பசை தடவிய மெல்லிய பிவிசி தாள். சூடுபட்டால் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். ஒட்டும்போது ஹீட் கன் பயன்படுத்துவது அதனால்தான். இதே விஷயம் மே மாத வெயிலிலும் நடக்கும். வெயிலில் நிற்கும் அடர்நிற காரின் பானெட் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகலாம். அந்த நேரத்தில் தாளும் பசையும் இளகியிருக்கும். அப்போது ஓரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தூக்கிக்கொள்ளும்.

எப்போது கழுவலாம்?

புதிதாக ஒட்டியிருந்தால் ஒரு வாரம் கழுவாமல் இருப்பது நல்லது. பசை நன்றாகப் பிடிக்க அந்த அவகாசம் வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை, காலையிலோ மாலையிலோ நிழலில் நிறுத்திக் கழுவுங்க. கையை வைத்தால் பானெட் சுடக்கூடாது, அதுதான் கணக்கு. சுடும் காரில் ஷாம்பு நுரை அப்படியே காய்ந்து கறையாகிவிடும்.

கழுவும் முறை

* முதலில் வெறும் தண்ணீர் விட்டு தூசி, மணலைப் போக்கணும்.
* 2 பக்கெட் வைத்துக்கொள்ளுங்க. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசத் தண்ணீர்.
* மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் துடைக்கணும். சக்கரத்துக்குத் தனித் துணி.
* கழுவியதும் உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கணும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இது ரொம்ப முக்கியம். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்துவிடும்.

தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதையும் நிறுத்துங்க. துணியில் ஒட்டும் மணல், ராப்பில் மெல்லிய கீறல்களைப் போட்டுவிடும்.

வாட்டர் வாஷ் விடலாமா?

பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷ் வேண்டாம். பிரஷர் வாஷ் என்றால் குழாய் முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க. தண்ணீர் ஓரங்களை நோக்கிச் சாய்வாக இல்லாமல் நேராக விழணும். அழுத்தம் 2,000 பிஎஸ்ஐ-க்குள் இருக்கணும். வாஷ் முடிந்ததும் பளபளப்புக்காக டீசல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ராப் ஒட்டிய காருக்கு அது ஆகவே ஆகாது என்று முன்னாடியே சொல்லிடுங்க. தின்னரும் அப்படித்தான்.

பறவை எச்சம், மரப் பிசின், பெட்ரோல்

மர நிழலில் நிறுத்தினால் வெயில் படாது, ஆனால் எச்சமும் பிசினும் விழும். வெயிலில் காய்ந்தால் ராப்பில் கறை நிரந்தரமாகிவிடும். நகத்தால் சுரண்டாதீங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் மேலே போட்டு, ஊறியதும் துடைத்தால் போதும். பெட்ரோல் போடும்போது சிந்தினால் அங்கேயே துடைத்துவிடணும்.

வேக்ஸ், பாலிஷ் போடலாமா?

மேட் ராப்பில் கூடாது. அங்கங்கே திட்டாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும். எந்த ராப்பாக இருந்தாலும் ரப்பிங் பாலிஷும், பஃபிங் மெஷினும் வேண்டாம். வினைலுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேக்களை மட்டும் பயன்படுத்தலாம்.

ஓரம் தூக்கினால்?

இழுத்துப் பார்க்காதீங்க, ஃபெவிக்விக்கும் வேண்டாம். உள்ளே தூசி போவதற்குள் ஒட்டிய கடைக்கே கொண்டு போனால், ஹீட் கன் வைத்து மறுபடி அழுத்திக் கொடுப்பார்கள்.

எப்போது கழற்றணும்?

வெயில் நேராக விழும் பானெட், டாப் பகுதிகளில்தான் ராப் முதலில் வெளுக்கும். அங்கே நிறம் மங்கி, தாள் விறைத்து, மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் கழற்றும் நேரம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்னு விட்டால், தாள் துண்டு துண்டாகத்தான் உரியும். பசை காரிலேயே தங்கிவிடும். ஏற்கனவே டிங்கரிங் பார்த்து ரீபெயிண்ட் அடித்த இடமாக இருந்தால் பெயிண்டும் சேர்ந்து வரலாம். அதனால் ராப் வெளுக்க ஆரம்பித்ததுமே, ஒட்டிய கடையில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்க.