யானையின் வயிற்றுள் இருந்தோர்

உதயணன் யாழ் வல்லவன். மதயானையையும் இசையால் வசப்படுத்துவான். அவனைச் சிறைப்பிடிக்க எண்ணிய பிரச்சோதனன், யானை வடிவில் ஒரு பொறி செய்வித்து, அதன் வயிற்றுள் வீரரை ஒளித்துக் காட்டில் நிறுத்தினான். யாழுடன் நெருங்கிய உதயணன் அகப்பட்டான். கொங்குவேளிரின் பெருங்கதை கூறும் செய்தி இது. உதயணனை வென்றது பொறியா? அதன் வயிற்றுள் இருந்தோரே அல்லரோ!

எந்திர மாந்தர் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த யானைதான் எனக்கு நினைவில் எழுகிறது.

அறபு நூல்களிலும் பொறிகள் உண்டு. ஆர்துக்கிய மன்னரிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, தாம் 1206-இல் முடித்த நூலில் ஐம்பது கருவிகளை வரைபடத்தோடு விளக்கினார். உளூச் செய்ய நீர் வார்க்கும் பதுமை அவற்றுள் ஒன்று. தண்ணீர் எவ்வழி ஓடுகிறது, மிதவை எப்போது எழுகிறது என அனைத்தையும் அவர் திறந்து காட்டிவிடுகிறார். ஒளிவுமறைவு ஏதுமில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். அதன்பின் வந்த கதைகள் பலவும், அடிமை எசமானனை எதிர்ப்பானா என்ற அச்சத்தையே சுற்றி வந்தன.

தமிழில் சுஜாதா வேறொரு வாயிலைத் திறந்தார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில், தானே நூல் படித்துச் சிந்திக்கும் ஜீனோ என்ற எந்திர நாயைப் பலரும் மறவார். ஆயினும் அக்கதையின் கூர்மை ஜீவா என்னும் ஆட்சியாளரிடமே உள்ளது. மக்கள் வணங்கி அஞ்சிய அத்தலைவர் ஒளியால் ஆன உருவம் மட்டுமே. ஆண்டவர்கள் பின்னால் இருந்தனர். பெருங்கதை யானை மீண்டும் வந்துவிட்டது!

2010-இல் வெளியான 'எந்திரன்' படத்திலும் சிட்டியை அழிவுக்கருவியாக்கியது மனிதர் கை பொருத்திய சிவப்புச் சில்லு. வசனத்தில் பங்கு கொண்ட சுஜாதா 2008-இலேயே மறைந்துவிட்டார். படத்தைக் காண அவர் இல்லை.

இப்போது பொறி நம் வீட்டுக்குள்ளேயே பேசுகிறது. கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர், மீலாத் கூட்டத்தில் பேசுவதற்கென உரையொன்றைக் கொண்டுவந்தார். கைப்பேசியில் பொறி எழுதித் தந்தது. தமிழ் பிழையற்றிருந்தது, என் மாணவர் பலர் அப்படி எழுதார். இடையில் ஒரு நபிமொழி. புகாரீயில் உள்ளதென்ற குறிப்பும் இருந்தது. கிதாபைப் புரட்டினேன், காணவில்லை. மீண்டும் கேட்கச் சொன்னேன். பொறி பணிவாக மன்னிப்புக் கோரி, வேறொரு நூலின் பெயரைச் சொல்லிற்று. அதிலும் இல்லை.

ஹதீஸ் கலையில் சொல்லைப் பார்க்குமுன் இஸ்னாதைப் பார்ப்போம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, நினைவாற்றல் உறுதியா, பொய்யுரைக்காதவரா என்று ஆளாளாக விசாரித்த பின்னரே சொல்லுக்கு இடம். இப்பொறியிடம் விசாரிக்க ஆள் எங்கே?

மாணவர் அவ்வரியை அடித்துவிட்டு, "மற்றது இருக்கலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். மறுநாள் அஸருக்குப் பின் வரச் சொன்னேன். வந்தார். வரிக்கு வரி கிதாபோடு ஒப்பிட்டோம். மஃரிபு பாங்கு ஒலித்தபோது முதல் பக்கம்கூட முடிந்திருக்கவில்லை.