காரணம் எழுதும் கட்டம்

1858-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சட்டம், தெருவிலே ஆதரவின்றித் திரியும் சித்தசுவாதீனமற்றவனைப் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தும் கடமையைப் போலீஸாரின் தலையில் சுமத்திற்று. மாஜிஸ்திரேட்டு அவனை விசாரித்து, வைத்தியர் ஒருவரின் அத்தாட்சியையும் பெற்று, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, கூடவே ஒரு விவரப் படிவமும் செல்லும். அந்தப் படிவத்திலே, பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் இன்னது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. மனோவியாதியும் லாகிரிப் பழக்கமும் ஒருங்கே பீடித்த மனிதனைப் பிரிட்டிஷ் இந்தியா எவ்விதம் நடத்தியது என்பதை அறிய விரும்புவோர், அந்தச் சிறு கட்டத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஊர் பேர் தெரியாதவன், உற்றார் எவரும் உடன் வராதவன், தானாகவும் கோவையாக ஒரு வார்த்தை சொல்ல இயலாதவன் ஒருவனுக்குப் புத்தி பேதலித்தது புத்திர சோகத்தாலா, விஷ ஜுரத்தாலா, வம்ச தோஷத்தாலா என்பதை ஒரு போலீஸ் ஜவான் எங்ஙனம் அறிவான்? ஆனால் அவன் மடியிலே ஒரு சிலும்பி அகப்பட்டாலும், ‘இவன் கஞ்சாக் குடியன்’ என்று சத்திரத்துத் திண்ணையில் யாரேனும் சொன்னாலும் போதும், கட்டம் நிரம்பிவிடும். அப்படி நிரம்பியதையே ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் பேரேட்டில் ஏற்றினார்கள். பேரேட்டிலிருந்து வருஷாந்தர அறிக்கைக்கும், அறிக்கையிலிருந்து சீமைக்கும் அது சென்றது. கஞ்சா குடித்தவன் என்று தெரிந்தால் கஞ்சாவையே காரணமாக எழுதுவது ஏன் என்று கேட்டபோது, அது பரம்பரையாக வந்த வழக்கம் என்பதற்கு மேல் பதில் சொல்ல இயலாத அதிகாரியும் இருந்தார்.

அந்தக் கேள்வி எழ நேர்ந்தது 1893-இல். மதுவிலக்குப் பிரசாரகரான வில்லியம் கெயின் காமன்ஸ் சபையிலே கஞ்சாவைப் பற்றிக் கிளப்பிய வினாவின் பயனாக, மக்வொர்த் யங் என்பவரின் தலைமையில் ஏழு பேர் கொண்ட விசாரணைக் கமிஷன் ஒன்று அமைந்தது. 1,193 சாட்சிகளை விசாரித்து ஏழு பாகங்களாக வெளிவந்த அதன் அறிக்கையில், என் அபிப்பிராயத்தில், பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அத்தியாயமே மகுடம். 1892-ஆம் ஆண்டில் அவற்றில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சா, பங்கி முதலியவையே காரணம் என்று பதிவாகியிருந்தது. கமிஷன் அந்த 222 பேரின் பூர்வ விருத்தாந்தத்தை, அவரவர் ஊரில் பந்துக்களையும் அண்டை அயலாரையும் கேட்டு, ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. எஞ்சி நின்றவை 98. அவற்றுள்ளும் வேறு காரணம் எதுவும் கலவாமல் கஞ்சா ஒன்றையே சொல்லத்தக்கவை 61-தான்.

எண்களைக் காட்டிலும் அருமையானது, அந்த ஆராய்ச்சியின் போக்கிலே கமிஷன் தொட்ட ஒரு நுட்பம். அளவு மீறிய போதைப் பழக்கம் சித்தபிரமைக்குக் காரணமாகாமல், உள்ளே முன்னமே குடிகொண்ட பிரமையின் முதல் அடையாளமாகவே தோன்றுதலும் கூடும் என்று அது எழுதிற்று. காதிலே இல்லாத குரல்கள் கேட்பவனும், இராப்பகல் உறக்கம் கொள்ளாதவனும், அந்த உபத்திரவம் சற்றே அடங்குமென்று சிலும்பியை நாடுகிறான். நாடியது நாளடைவில் பிரமையை மேலும் வளர்க்கிறது. முந்தியது எது, பிந்தியது எது என்று பிரிக்கவொண்ணாதபடி இரண்டும் பின்னிக்கிடக்க, படிவம் ஒரே ஒரு காரணத்தைக் கேட்டது. இவ்வளவு அருகில் வந்த கமிஷன், அந்த உண்மையைக் கஞ்சாவை விடுவிப்பதற்கு மாத்திரமே பிரயோகித்தது. மிதமாக உபயோகிப்பதால் பெருந்தீங்கில்லை என்ற முடிவு, கஞ்சா வரியால் வருவாய் பெற்றுவந்த சர்க்காருக்கு அசௌகரியமாக இருந்திராது. இரண்டும் பீடித்தவனுக்கு என்ன சிகிச்சை என்பதோ, கமிஷனிடம் கேட்கப்பட்ட கேள்வியே அன்று.

ஆஸ்பத்திரியிலே அவனுக்குக் கிடைத்தது கட்டாயப் பத்தியம். உள்ளே கஞ்சா இல்லை. வேளைக்குச் சோறும், தோட்டத்திலோ தறியிலோ வேலையும் உண்டு. தேறியவன் வெளியே விடப்பட்டான். விட்ட இடத்திலே பழைய வறுமையும் பழைய சகவாசமும் இருந்தன. சென்னையில் 1871-இல் கீழ்ப்பாக்கம் லோகாக் தோட்டத்தில் எழுந்த ஆஸ்பத்திரி முதலாக, ராஜதானிகளின் ஆஸ்பத்திரிகள் அனைத்தும் 1858-ஆம் ஆண்டின் அந்த ஒரே சட்டத்தின் கீழ் நடந்தவையே.

பிற்காலம் மனோவியாதியையும் லாகிரிப் பழக்கத்தையும் இன்னும் தூரமாக விலக்கியது. 1937-இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, குடி என்பது சமூகத்தின் ஒழுக்கப் பிரச்சினையாகவும், பைத்தியம் என்பது மதிற்சுவருக்குள் அடைபட்ட வைத்தியர் காரியமாகவும் இருவேறு திசைகளில் நின்றன. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் போதைக்கு அடிமையானவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரிகளை நிறுவ இடம் தந்தது. நோக்கம் நல்லதே, ஆனால் இரண்டு நோயும் உள்ளவன் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு அதில் விடையில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டந்தான், மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள்ளேயே சேர்த்து எழுதிற்று.

சட்டம் சேர்த்துவிட்டது, வீடுகள் இன்னும் சேர்க்கவில்லை. மானத்துக்கு அஞ்சிக் குடியை மறைத்துப் பிரமையை மட்டும் வைத்தியரிடம் சொல்லுவாரும், பிரமையை மறைத்துக் குடியை மட்டும் சொல்லுவாரும் இன்றும் உளர். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பாராயின், அழைத்துச் செல்லும் முதல் நாளிலேயே இரண்டையும் சொல்லிவிடுங்கள்.