நத்தார் என்றொரு சொல்

மார்கழி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவிலே காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். கேக்குக்கு மாவும் மாஜரினும் முந்திரிகை வற்றலும் விலைப்படும். சீனவெடிக்குப் பிள்ளைகள் அடம்பிடிப்பர். எங்கள் நீர்வேலி பெரும்பாலும் சைவ ஊர். ஆயினும் பாடசாலைகளிலே ஒளிவிழா வரும் நாளில் சைவப் பிள்ளைகளும் வெள்ளுடுப்பு அணிந்து தேவதூதராய் மேடையேறுவர். அத்தகைய ஒரு நாளிலேதான் மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்: "சேர், கிறிஸ்மஸ் என்பது இங்கிலீசு. அப்ப நத்தார் தமிழோ?"

தமிழன்று. போர்த்துக்கேயர் அப்பெருநாளுக்கு வழங்கும் 'நத்தால்' என்னும் பெயரே எங்கள் நாவிலே நத்தார் ஆயிற்று. பிறப்பு என்பதே அதன் பொருள். சிங்களத்திலும் அது நத்தல் என வழங்குகின்றது. இவ்வளவில் விடையை முடித்திருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் வேறொரு வினா என்னைத் தொடர்ந்தது.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றி 1658இல் இழந்தனர். நாற்பது ஆண்டும் நிரம்பாத ஆட்சி. அவர்களுக்குப் பின்வந்த ஒல்லாந்தர் 1795 வரை, 137 ஆண்டுகள் இங்கிருந்தனர். கந்தோர் என்ற சொல்லும் கக்கூசு என்ற சொல்லும் அவர்கள் தந்தவையே. அலுவலகத்துக்கும் மலகூடத்துக்கும் பெயர் தந்தவர்கள் கிறிஸ்து பிறந்த நாளுக்குப் பெயர் தர முடியாமற் போனதேன்? அவர்களும் கிறிஸ்தவர்கள்தாமே!

விடை சொற்பிறப்பியலில் இல்லை; வரலாற்றில் இருக்கிறது.

ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமாரை நாட்டில் இருக்க விடவில்லை. குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என 1658இலேயே பிரகடனஞ் செய்தனர். உத்தியோகமும் திருமணப் பதிவும் தங்கள் சபையின் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டன. பழைய கோயில்கள் அவர்களுடைய கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பகலிலே அங்கு சென்று பெயர் பதிந்த பலர், இரவிலே வீட்டுக்குள் செபமாலை உருட்டினர்.

இந்நிலையிலேதான் 1687இல் யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கோவாவிலே, கொங்கணி பேசும் பிராமண குடும்பத்திலே 1651இல் பிறந்தவர். வந்ததோ கூலியாளின் கந்தலில். உடன் வந்தவர் யோவான் என்னும் ஒரு பணியாளர் மட்டுமே. வந்தவுடனே கடும் நோயில் விழுந்து எழுந்தார். பின்னர் செபமாலையைக் கழுத்திலே தெரியும்படி அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அரிசி இட வந்தவர்களுள் அந்த மாலையைக் கண்டு முகம் மாறியோரே அவர் தேடிய மக்கள். பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. பூசையெல்லாம் இரவில், வீடுகளுக்குள்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு வந்தது. நடுச்சாமப் பூசைக்காக மக்கள் வீடுகளிலே கூடியிருந்தனர். வாசலிலே நட்சத்திரக் கூடு இல்லை; மணியோசை இல்லை. வெளிச்சம் வெளியே தெரிந்தாலே ஆபத்து. அந்த வேளையிலே ஒல்லாந்தப் படையினர் உள்ளே புகுந்தனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். பெண்களை விட்டுவிட்டு ஆண்களுக்குத் தண்டம் விதித்தனர். சீர்திருத்தச் சபையை விட்டுத் திரும்பியவர்கள் எனக் கண்ட எண்மருக்கு மட்டும் தண்டனை வேறு. அவர்களுள் தொன் பேதுரு என்பவர் சவுக்கடியிலே உயிர்விட்டார். ஏனையோர் கோட்டை வேலையில் ஆயுட்காலக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். இன்று நாம் உலாவப் போகும் கோட்டைதான்.

அடிகளார் அகப்படவில்லை. புத்தளம் சென்று, 1692இல் கண்டியிலே சிறைப்பட்டு, அங்கேயே பெரியம்மை கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, 1711இல் காலமானார். 2015 தை 14ஆம் நாள் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒல்லாந்தரின் சொந்த நகரமாகிய ஆம்ஸ்டர்டாமிலும் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட அக்காலத்தில் அனுமதியில்லை. அங்கே வணிகர் ஒருவர் தம் வீட்டின் மேன்மாடத்திலே 1663 அளவில் ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். இன்றும் அது நூதனசாலையாக நிற்கிறது. நகரத்தார் அறிந்திருந்தனர், அறியாதவர்போல இருந்துவிட்டனர். அந்தக் கண்சாடை கடல் கடந்து யாழ்ப்பாணம் வரவில்லை.

சைவனாகிய நான் இதை எழுதும்போது ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. 1621இலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் கத்தோலிக்கராகிய போர்த்துக்கேயரே. ஆனால் இடித்தவன் தளபதி. இருட்டிலே முழந்தாட்படியிட்டவர்களோ எங்கள் ஊர்ச் சனங்கள். விரதச் சாப்பாடு உண்ட வாழையிலையை வெளியே வீசினால் பிடிபடுவோம் என்று கூரை ஓலையிலே செருகி வைத்தார்கள் எங்கள் முன்னோர் என்று யாழ்ப்பாணத்துக் கிழவிகள் கதை சொல்வார்கள். அச்சம் தீர்ந்த பின்னும் அந்த வழக்கம் சில வீடுகளில் நீடித்தது. ஒரு கூரையிலே இலை, மறு கூரையின்கீழே செபமாலை. இரண்டும் ஒரே காவற்காரனுக்குப் பயந்தவை.

கத்தோலிக்கருக்கெதிரான சட்டங்களை ஆங்கிலேயர் 1806இலே நீக்கினர். நத்தார் என்ற சொல் அதுவரை எங்கிருந்தது? கந்தோரிலே இருக்க முடியாது. ஒல்லாந்தர் பள்ளிக்கூடத்திலும் இருந்திராது. அடுப்படியிலும் படுக்கையறையிலும், தாய் பிள்ளையின் காதோடு சொல்லும் பேச்சிலுமே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கோயிலும் குருவும் போன பின்னும் அந்த நாளின் மகிழ்ச்சி போகாதபடியால், அதன் பெயரும் போகவில்லை.

1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எனக்குப் பள்ளிப் பருவம். தென்மராட்சியிலே ஒரு பாடசாலை வகுப்பறை, சேலைகளால் மறித்த நான்கு பகுதிகள், நான்கு குடும்பங்கள். ஒன்று கத்தோலிக்கக் குடும்பம். மின்சாரம் 1990 முதலே இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. நத்தார் இரவிலே அந்தத் தாய் சோக்கட்டியால் கரும்பலகையிலே ஒரு நட்சத்திரம் வரைந்தார். தேங்காய் கிடைத்ததால் ரொட்டி சுட்டு நான்கு பகுதிக்கும் பங்கிட்டார். வெடி கொளுத்துவதை யாரும் நினைக்கவில்லை. வெடியோசை வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. ஜாம் போத்தல் விளக்கைச் சிறிது நேரம் ஏற்றி வைத்திருந்து, எண்ணெய் மிச்சம் பிடிக்கவேண்டுமென்று ஊதி அணைத்தார்கள். பிறகுதான் பாடத் தொடங்கினார்கள்.

ஒரு பாட்டு முடிந்தது. சேலைக்கு இப்பாலிருந்து, நெற்றியிலே திருநீறு கலையாத என் பாட்டி குரல் கொடுத்தார்: "பிள்ளையள், இன்னொருக்காப் பாடுங்கோ."