சிற்றூர்ப் பள்ளியும் தேர்ச்சியும்

சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்பார் உண்டு. தலைமையாசிரியனாயிருந்த எனக்கு அது உடன்பாடன்று.

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், ஐந்து மணி நேரப் படிப்பை மூன்றாகச் சுருக்கியது. எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலுக்கு. நகராட்சிப் பகுதிகளுக்கு அத்திட்டம் இல்லை. ஆகவே திண்டுக்கல் நகரத்துப் பிள்ளை முழுநேரம் பயில, வேடசந்தூர்ப் பக்கத்து உழவன் மகன் மூன்று மணி நேரத்தில் புத்தகத்தை மூடினான். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவும், 1982 ஜூலையில் சத்துணவும் வந்தன.

ஆயினும், கடலை பறிக்கும் காலத்தில் நான் பெயர் அழைத்தால் பாதிப் பேருக்கு விடை வாராது. ஆண்டிறுதியில் தவறியோர் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலும் அதே பெயர்கள்.