விண்டோஸ் எக்ஸ்பி நிறுவலும் மதுரை வட்டாரத் தமிழ்க் கணிமையும்

விண்டோஸ் எக்ஸ்பி என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட இயங்குதளம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற சுற்றூர்களிலும் வீடு, அச்சகம், பிரவுசிங் சென்டர் என எங்கும் பல ஆண்டுகள் பரவலாக இருந்தது இதுவே. ஆனால் வழக்கமான முறையில் இதை நிறுவி முடித்த கணினியில் ஒருங்குறித் தமிழ் தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தெரியும். தமிழ்ச் சங்கத்தின் ஊரில் வாங்கிய கணினி தமிழை வாசிக்க மறுத்ததற்குக் காரணம், நிறுவும்போது இடாமல் விட்ட ஒரே ஒரு டிக் குறி.

நிறுவும் முறை

எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்பி நினைவகமும் 1.5 ஜிபி வட்டு இடமும் தேவை. பயாஸில் சிடியிலிருந்து தொடங்குமாறு மாற்றியபின் நீலத் திரை வரும். எஃப்8 விசையால் உரிமத்தை ஏற்று, வட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஃபார்மட் செய்தால் கோப்புகள் நகலாகும். பின்னர் கணினி தானே மறுதொடக்கம் ஆகும். அப்போது "ஏதேனும் ஒரு விசையை அழுத்துக" என்று கேட்கும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் மீண்டும் பழைய நீலத் திரைதான். புதிதாக நிறுவுவோர் பலர் இங்கே சுற்றிச் சுற்றி வந்ததுண்டு.

அடுத்து வரைகலைத் திரையில் "39 நிமிடங்கள்" என்று காட்டும். தமிழகத்தில் 2008 முதல் மின்வெட்டு கடுமையானபோது இந்த 39 நிமிடங்கள் எளிய காலமல்ல. 2012இன் பிற்பகுதியில் சென்னைக்கு வெளியே பல இடங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. நீலத் திரைக் கட்டத்தில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரைகலைக் கட்டத்தில் போனால், மின்சாரம் வந்தபின் நிறுவல் தானே தொடர முயலும். எனவே யுபிஎஸ் இல்லாத வீடுகளில், மின்வெட்டு முடிந்தவுடன் வேலையைத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

33ஆவது நிமிடம்

நிமிடக் கணக்கு 33க்கு வரும்போது நிறுவல் நின்று, வட்டார, மொழித் தேர்வுகளைக் கேட்கும். இத்திரையின் உள்ளே சென்றால் "சிக்கல் எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக" என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். தமிழும் பிற இந்திய மொழிகளும் அரபு, ஹீப்ரு, தாய் மொழிகளும் இந்த ஒரே பெட்டிக்குள் அடக்கம். கூடுதலாகத் தேவைப்பட்ட இடம் சுமார் 10 எம்பி மட்டுமே. ஆனால் முன்னிருப்பாக இது தேர்வு செய்யப்பட்டிருக்காது. 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்திவிட்டு நகர்வதே வழக்கமாக இருந்தது.

பிறகு கண்ட்ரோல் பேனல் வழியாக இதைச் சேர்க்கலாம். ஆனால் கணினி உடனே எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடியோ நிறுவித் தந்தவரின் பையில் இருக்கும்! விவரம் தெரிந்தவர்கள் சிடியிலுள்ள ஐ386 கோப்புறையை முன்கூட்டியே டி டிரைவில் நகலெடுத்து வைத்தனர். தமிழ் எழுத்துரு ஒன்றை மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டால் கட்டங்கள் மறையும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி, "கொ" உடைந்து நிற்கும். எழுத்துருவோடு, எழுத்துகளைக் கோக்கும் ஆதரவும் வேண்டும் என்பது பலருக்குப் புரியவில்லை.

இதற்கு அச்சகப் பழக்கமும் ஒரு காரணம் எனலாம். பாமினி, ஸ்ரீலிபி போன்றவற்றைக் கொண்டு பேஜ்மேக்கரில் திருமண அழைப்பிதழ் தயாரித்தவர்களுக்கு, எழுத்துருவை நிறுவினாலே தமிழ் வந்துவிடும். அவை ஒருங்குறி அல்லாத குறியாக்கங்கள் என்பதால் அந்த டிக் குறி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. அந்த அனுபவத்தை இணையத்துக்கும் பொருத்திப் பார்த்ததே குழப்பம்.

மதுரையின் பெயரில் ஒரு திட்டம்

சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தனர். சங்கம் வளர்த்த ஊர் என்பதால்தான் இந்தப் பெயர். நூல்கள் முதலில் தனித்த எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கி குறியாக்கத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் வந்தன. ஒருங்குறிக்கு மாறியதும் தனி எழுத்துருவைத் தேடி இறக்கும் தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்தப் பெட்டியைத் தேர்வு செய்யாத எக்ஸ்பியில் நூல் முழுவதும் கட்டங்களாகவே திறந்தது. மதுரை மாணவர் ஒருவர் மதுரைத் திட்டத்தின் நூலை வாசிக்க, 33ஆவது நிமிடத்தில் யாரோ கவனமாக இருந்திருக்க வேண்டும்.

பின்வந்த மாற்றங்கள்

தமிழ் எழுத்துருவான லதாவோடு விண்டோஸில் ஒருங்குறித் தமிழ் வந்தது 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000இல்தான். அதிலும் தனியே தேர்வு செய்ய வேண்டியிருந்தது. 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விஸ்டாவில் இந்த ஆதரவு முன்னிருப்பாகவே இருந்தது. இதற்கிடையே நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர், தமிழ்த் தட்டச்சுக்கான மென்பொருளாக வந்து, எக்ஸ்பிக்குத் தேவையான இந்திய மொழி ஆதரவையும் விண்டோஸ் சிடி இல்லாமலே அமைத்துத் தந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது.