ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆர் நம்பரும்

தில்லியில் பகதூர் ஷா ஜாஃபர் மார்க் வழியாக ஆபீஸ் போகிறவர்கள் மானக் பவனைப் பார்த்திருப்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் தலைமையகம் அதுதான். சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே, 1947 ஜனவரியில் ஆரம்பித்த நிறுவனம். அவர்கள் எழுதிய தரவிதிகளில் ஐ.எஸ். 1 எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்கு. அயர்ன் பாக்ஸ் எல்லாம் அப்புறம்தான் :-)

1952ல் வந்த சட்டம் முத்திரை குத்த வழி செய்தது. குத்தித்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம், வீட்டு மின்சாதனங்களுக்குத் தனித்தனி ஆணைகளாகத்தான் வந்தது. 1981ல் ஒன்று, 2003ல் ஒன்று. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், ஸ்விட்ச், ஒயர் எல்லாம் அதில் அடக்கம்.

வெளிநாட்டுச் சரக்கைப் பற்றி அன்று பெரிய கவலை இல்லை. லைசென்ஸ் இல்லாமல் நுகர்பொருள் எதுவும் சுலபமாக உள்ளே வர முடியாது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவிடம் வழக்கில் தோற்று, 2001 ஏப்ரல் 1 அன்று மிச்சமிருந்த கட்டுப்பாடுகளையும் விலக்கினோம். அதற்கு நாலு மாதம் முன்னால், 2000 நவம்பர் 24 அன்று, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஓர் அறிவிக்கை போட்டது. முத்திரை கட்டாயமான பொருளை இங்கே அனுப்ப வேண்டுமானால் வெளிநாட்டுத் தயாரிப்பாளரும் அதே முத்திரையை வாங்க வேண்டும். கேட்டைத் திறக்குமுன் வாட்ச்மேனை வேலைக்கு வைத்த மாதிரி. வர்த்தகத் தடை என்று வெளியே முணுமுணுத்தார்கள். உள்ளூர்க்காரனுக்கும் அதே விதிதானே, இதில் என்ன தப்பு என்பது என் கட்சி.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கம்ப்யூட்டர் சமாச்சாரங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 1997ல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் 2005க்குள் அவற்றுக்குச் சுங்க வரியும் பூஜ்யம். வரியும் இல்லை, பாதுகாப்புச் சான்றும் இல்லை!

ஒரு லேப்டாப் அடாப்டரைப் பிரித்துப் பாருங்கள் (ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சாமி). 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் நம் கை படும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் கொஞ்சம் இன்சுலேஷனும்தான். மலிவுச் சரக்கில் முதலில் கை வைப்பது அங்கேதான். ஐ.எஸ். 13252 விதிப்படி அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு நிமிடம் 3000 வோல்ட் கொடுத்துச் சோதிப்பார்கள். தாங்கினால் பாஸ்.

இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கிய ஆணை 2012 அக்டோபரில்தான் வந்தது. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு 2013ல் நடைமுறை. முதலில் 15 பொருட்கள்: லேப்டாப், பிரிண்டர், மைக்ரோவேவ், செட்டாப் பாக்ஸ், 32 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவி... தனியாக விற்கும் அடாப்டர் இல்லை! அதுவும் மொபைல் போனும் பவர் பேங்கும் 2014 நவம்பர் ஆணையில்தான் சேர்ந்தன. முதலில் வந்திருக்க வேண்டியது அடாப்டர்.

இது பழைய ஐ.எஸ்.ஐ. முறையும் இல்லை. அதில் அதிகாரி தொழிற்சாலைக்கே போய்ப் பார்ப்பார். இதில் மாதிரியை இங்குள்ள அங்கீகரித்த லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வாங்கி, 'விதிப்படிதான் செய்கிறேன்' என்று தயாரிப்பாளரே உறுதி சொன்னால் ஆர் என்று தொடங்கும் பதிவெண் கிடைக்கும். வேறு தொழிற்சாலை என்றால் வேறு எண். எண் இல்லாமல் துறைமுகத்துக்கு வந்த சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்துறை உருத்தெரியாமல் நசுக்கிக் காயலான் கடைக்குத் தள்ளிவிடும். வேகமான முறைதான். ஆனால் லேபுக்குப் போன மாதிரியும் பெட்டியில் வரும் சரக்கும் ஒன்றுதானா என்பது, பிற்பாடு மார்க்கெட்டில் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை நாமே சரிபார்க்கலாம். நேரு ப்ளேஸில் ஒரு கடையில் அடாப்டர் எண்ணைத் தட்டினேன். ஏதோ எல்.ஈ.டி. விளக்குக் கம்பெனி வந்தது. திரையைக் காட்டினேன். கடைக்காரர் அசரவேயில்லை. குனிந்து இன்னொரு அடாப்டரை எடுத்து வைத்தார், முந்நூறு ரூபாய் கூடுதல் என்றார்.